கேப்டனுக்கு யார் தட்டுவது?

பாலாற்றில் மணல் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழங்கால் வலிக்கு ஆளுக்கொரு தைலம் சிபாரிசு செய்துகொண்டு, விடிந்ததும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கத்தை எல்லோருக்கும் தட்டிவிடுகிற என் வயதுக்காரிகளே, கொஞ்சம் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். கதை நீளம்தான். நமக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

போன வாரம் நம் பழைய மாணவிகள் குழுவில் ஒரு செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் ஆம்பூரில் இப்போது ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளைச் சேர்த்துச் சாரணர் பயிற்சி நடத்துகிறாளாம். சம்பளம் கிடையாது. கைக்காசும் போகிறது, ஓய்வும் போகிறது. அவளுக்கு ஏதாவது பாராட்டு மாதிரி செய்யலாமா என்று நம்மில் ஒருத்தி கேட்டிருந்தாள். கேட்டு முடிப்பதற்குள் இன்னொருத்தி பதில் போட்டுவிட்டாள். அவங்க இதெல்லாம் எதிர்பார்க்கிற ஆள் இல்லப்பா என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த செய்தி சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய்த் தண்ணீர்.

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை நான் முன்பு கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு முன்னறையில், என் அப்பாவின் வாயிலிருந்து.

எனக்கு அப்போது பத்து வயதோ பதினொன்றோ. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஊர் ஈரமாகவே இருந்த மாதங்கள் அவை. தனித்தனி நாட்களாக அவை என் நினைவில் இல்லை. நீளமான ஒரே ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கிறது. விடிந்தால் பனி. பனிக்குள்ளே தோல் பதனிடும் ஷாப்புகளின் வாசனை. சுண்ணாம்புத் தொட்டி, உப்புப் போட்ட பச்சைத் தோல், ஊறுகிற பட்டை எல்லாம் சேர்ந்த வாசனை. வெளியூர்க்காரர்கள் நாற்றம் என்று மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லீவுக்கு எங்காவது போய்விட்டு ரயிலில் திரும்பும்போது ஜன்னல் வழியாக முகத்தில் வந்து படும். வீடு வந்துவிட்டது, செருப்பைத் தேடு என்று அம்மா சொல்வார்.

அந்தப் பனிக்குள்ளிருந்து நீலச் சேலையில் ஒருவர் நடந்து வருவார். கழுத்தில் ஸ்கார்ஃப், தோளில் வெள்ளைக் கயிற்றில் விசில். அவர்தான் எங்கள் கேப்டன்.

சாரணர் இயக்கத்தில் பெண் பிள்ளைகளை கைட்ஸ் என்பார்கள். அந்தக் குழுவுக்குக் கம்பெனி என்று பெயர், அதை நடத்துகிறவர் கேப்டன். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் தோல் கம்பெனிதான். அதனால் நான் கம்பெனிக்குப் போறேன் என்று பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினால் பக்கத்து வீட்டுத் தாத்தா, இந்த வயசுலயே வேலைக்குச் சேர்ந்துட்டியா, சம்பளம் எவ்ளோ என்று கிண்டல் செய்வார். கேப்டனுக்கு இரண்டு கம்பெனியும் உண்டு. வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவுக்கு சூப்பர்வைசர். ஏழாம் நாள் நாங்கள். முப்பது வயதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். பூக்காரம்மாவும் டீக்கடை பாயும் பஸ் கண்டக்டரும் அவரை கேப்டனம்மா என்றே கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டதே வெகுநாள் கழித்துத்தான். அதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அவர் கேப்டன்.

அவருடைய நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் அந்த நாளில் தெருவில் நடந்தால் ஓரமாக, தலையைக் கொஞ்சம் கவிழ்த்து நடப்பார்கள். கேப்டன் நடுத்தெருவில் நேராக நடந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக நாங்கள். எங்களுக்கும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். வீட்டுக்குள் போனதும் பழையபடி கூனிக்கொள்வோம், அது வேறு விஷயம்.

பள்ளி மைதானத்தில், வேப்பமரத்தடியில்தான் கூடுவோம். முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளக் கயிறு கிடையாது. கேப்டன் ஷூ கம்பெனியில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளிலிருந்து நீளமான தோல் வார்களைக் கொண்டுவருவார். ஸ்கார்ஃபைக் கழுத்தில் கோத்துப் பிடிக்கிற வளையம்கூட எங்களுக்கு அந்தத் தோலில் பின்னியதுதான். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பிளாஸ்டிக் வளையம் போட்டார்கள். என்னுடையது கத்திரிப்பூ நிறம். மழையில் நனைந்தால் சாயம் இறங்கிச் சட்டைக் காலரில் ஒரு கறை விழும். அம்மா திட்டிக்கொண்டே தோய்ப்பார். அது எத்தனை மெத்தென்று இருந்தது தெரியுமா, கன்றுக்குட்டியின் காது மாதிரி. தூங்கும்போதும் விரலில் மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. இப்போதும் எங்காவது அலமாரியைச் சுத்தம் செய்தால் கை அதைத்தான் தேடுகிறது.

கேப்டனின் அண்ணன் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் சைக்கிள் செயின் கழன்று நின்றால் கையெல்லாம் கிரீஸோடு மாட்டிவிட்டு, பாத்துப் போ பாப்பா என்று அனுப்புவார். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். கல்யாணமாகாத தங்கை விசில் ஊதிக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றுகிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த யாரோவைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன். ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், ஆனால் கையில் அகப்படுவதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தரையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, தங்கையைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். தள்ளி என்று அவர் நினைத்துக்கொண்டார். எங்களுக்கு எல்லாம் கேட்டது. ஊரில் பேசுகிறார்கள், இந்த வருஷத்தோடு இதை நிறுத்திவிடு என்றார். கேப்டன் விசில் கயிற்றை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"வேலூர்ல எல்லா ஊர்ப் பிள்ளைங்களும் கூடற ராலில, நல்லா சேவை செஞ்சவங்களுக்கு மெடல் குடுக்கறாங்க. எனக்குக் குடுத்தாங்கன்னா?"

"குடுத்தா நான் ஏன் வேணாங்கப் போறேன்? அவ்ளோ பெரிய மனுசங்க மேடைல கூப்ட்டுக் குடுத்தா, அப்பறம் எவன் பேசுவான்? நானே தெருத்தெருவா சொல்லிக்கிட்டுப் போவேன்."

சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேப்டன் திரும்பி வந்து, என் முடிச்சு தப்பு என்று பிரித்துப் போட்டுக் காட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் அணித் தலைவி தோல் மண்டிக்காரரின் மகள். வீட்டில் உருது பேசுவாள், எங்களோடு தமிழ். எங்களைவிடப் பெரியவள், விவரமானவள். கலைந்து போகும்போது அவள்தான் எங்களைச் சுற்றி நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னாள். "மெடல் வந்தா கேப்டன் இருப்பாங்க. வரலன்னா நம்ம கம்பெனி குளோஸ். பேஜார்டீ இது." அன்றிலிருந்து அந்த மெடல் எங்கள் எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. நான் ஜெபத்தில் கேட்டேன். இன்னொருத்தி பிள்ளையாரிடம் கேட்டாள். தலைவி அவளுடைய தொழுகையில் கேட்டிருப்பாள். இத்தனை பக்கத்திலிருந்து சிபாரிசு போயும் வேலை நடக்கவில்லை என்றால் யாரைச் சொல்வது?

அந்த மாதத்தில்தான் எங்களை அமிர்திக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊர்ச் சாரணர் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவர் ஒரு தோல் கம்பெனி முதலாளியின் மனைவி. தலைவியம்மா என்போம். அவர்தான் கம்பெனி பஸ்ஸை அனுப்பினார். வழியெல்லாம் இரண்டு பக்கமும் நெல் வயல், அப்புறம் மலை, அப்புறம் மரங்கள் மட்டும். அங்கே கூண்டுக்குள் மான்கள் இருந்தன. வாயருகே இலையை நீட்டினால் அவற்றின் மூச்சு கையில் சூடாகப் படும். கல்லுக் கூட்டி எலுமிச்சம்பழச் சோறு செய்தோம். அடி பிடித்துவிட்டது. பிடித்த இடம்தான் ருசியாக இருந்தது. அருவி அந்த வருஷம் நூலாகத்தான் இறங்கியது, ஆனாலும் அதன் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. கேப்டன் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று, ஒவ்வொருத்தியாகக் கை பிடித்து அக்கரைக்கு அனுப்பினார். அவர் கை சொரசொரவென்று இருக்கும், மெஷின் ஊசி குத்திய தழும்புகளோடு.

சாப்பிட்ட பிறகு அவர் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனார். ஒரு பெரிய மனுஷி வெட்டவெளியில், பகலில், யாரும் எதுவும் கேட்காமல் தூங்குவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இலை நிழல் அவர் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து காவல் காத்தோம். எதிலிருந்து என்று எங்களுக்குத் தெரியாது. அந்த மதியம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டால், இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எழுந்ததும் எங்களை வட்டமாக உட்காரவைத்து மழைத் தட்டல் கற்றுக்கொடுத்தார். கைட்ஸில் சும்மா கை தட்டமாட்டோம் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நன்றாகச் செய்தவர்களுக்கென்று வகைவகையான தட்டல்கள் உண்டு. ரயில் தட்டல், பட்டாசுத் தட்டல், இப்படி. அதில் உசத்தியானது மழை. கேப்டன் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டுவார், நாங்களும் தட்டுவோம். தூறல். இரண்டு விரல், மூன்று விரல், ஐந்து விரலும் சேர்ந்தால் ஓட்டு வீட்டின் மேல் பெருமழை. பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார், மழை குறைந்துகொண்டே வந்து நிற்கும். தொடங்குவதும் நிறுத்துவதும் கேப்டன்தான். அவர் கையைத்தான் பார்க்க வேண்டும். அது விதி.

அன்றைக்கு எல்லோருக்கும் தட்டினோம். சோறு வடித்தவளுக்கு, தண்ணீர் சுமந்தவளுக்கு, பயப்படாமல் தண்ணீரைத் தாண்டியவளுக்கு. கடைசியில் எங்களில் சின்னவள், ஒரு நர்ஸம்மாவின் மகள், ஒரு கேள்வி கேட்டாள்.

"கேப்டன், உங்களுக்கு யாரு தட்டுவாங்க?"

கேப்டன் சிரித்தார். "நான்தானேம்மா தட்டச் சொல்றவ" என்றார். அப்போது அது எங்களுக்குச் சரியான பதிலாகத்தான் பட்டது.

என் அப்பா பள்ளித் தலைமையாசிரியர். சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். மார்கழி தொடக்கத்தில் கமிட்டி எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. அப்பா, எங்கள் சபைப் போதகர், பள்ளியின் பெரிய டீச்சர், தோல் கம்பெனி மேனேஜர். மெடலுக்கு நம் ஊரிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம். யாரை அனுப்புவது என்பதுதான் பேச்சு. நான் முறுக்குத் தட்டோடு உள்ளே போனேன். அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தர் நமக்குக் கிடைக்கமாட்டாங்க. எதையுமே எதிர்பார்க்காத மனசு."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பெரிய டீச்சர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. இவ்வளவு புகழ்ந்த பிறகு வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? மறுநாள் பள்ளியில் என் வாயெல்லாம் பல். நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

நான் அங்கிருந்து வந்த பிறகு அப்பா சொன்ன மிச்சத்தை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். கேப்டனுக்குக் கொடுத்தால் கூச்சப்படுவார், மெடல் தலைவியம்மாவுக்குப் போகட்டும், அவருக்கும் உற்சாகமாக இருக்கும், பிள்ளைகளுக்குப் புது டென்ட் கிடைக்கும், கேப்டனுக்கு அதுதான் சந்தோஷம் என்றாராம். ஒருவரும் மறுக்கவில்லை. இதில் கெட்ட எண்ணம் என்று ஒரு துளி கிடையாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாலு நல்ல மனிதர்கள் முறுக்குத் தின்றுகொண்டு, ஒரு பெண்ணை மனதாரப் புகழ்ந்து, அந்தப் புகழ்ச்சியாலேயே அவளுக்கு இல்லை என்று முடிவு செய்தார்கள். ஒரு வார்த்தை அவரைக் கேட்போமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அப்பா அடுத்த வாரம் கேப்டனைப் பள்ளி வாசலில் பார்த்து, ராலிக்கு வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னார். நம் பக்கத்தில் விழாவுக்கு வாருங்கள் என்பது வேறு, குடும்பத்தோடு வாருங்கள் என்பது வேறு. இரண்டாவதைச் சொன்னால் மேடையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், குறைந்தபட்சம் ஒரு துண்டாவது தோளில் விழும். அப்பா அப்படி நினைத்துச் சொல்லவில்லை. கூட்டம் சேரட்டும் என்று எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு கேப்டனின் காது மடல் சிவந்தது தெரிந்தது. வர்றோம் சார் என்றார். வர்றேன் என்று சொல்லவில்லை.

ராலி வேலூரில், கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில். விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் நாங்கள் வரிசையாக நின்றோம். கேப்டனின் நீலச் சேலை மடிப்பு கலையாமல் இருந்தது. பித்தளை பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார், பனியிலும் மின்னியது. அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் சைக்கிள் கடைக்குக் கூட்டம் வரும் நாள், அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். அண்ணி தீபாவளிச் சேலையில், இடுப்பில் கைக்குழந்தையோடு. குழந்தையின் நெற்றியில் பெரிய மைப்பொட்டு. கண்டக்டரிடம் அண்ணன், தங்கச்சிக்கு இன்னைக்கு மெடல் குடுக்கறாங்க என்று சொல்லிவிட்டார். கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் சிரிப்பதைப் பார்த்தேன்.

கோட்டை அகழியில் தண்ணீர் பச்சையாக அசையாமல் கிடந்தது. குடியாத்தம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்திருந்தார்கள். கொடிகள், பேண்டு வாத்தியம், தூசி, குளுக்கோஸ் தண்ணீர். எங்கள் தோல் வளையங்களை மற்ற ஊர்ப் பெண்கள் தொட்டுப் பார்த்து முகர்ந்தார்கள், சிலர் மூக்கைச் சுளித்தார்கள். ராணிப்பேட்டைப் பெண்கள் மட்டும் சுளிக்கவில்லை. வெயில் ஏற ஏற எல்லாம் கானலில் மிதப்பதுபோல் ஆனது. பேச்சாளர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மேடையில் அப்பாவும் தலைவியம்மாவும் நாற்காலிகளில் இருந்தார்கள். எங்கள் வரிசை தரையில், வரிசையின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் கேப்டன். பின்னால் பந்தல் நிழலில் அண்ணன் குடும்பம்.

மெடல் நேரம் வந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர், வருடத்தின் சிறந்த சேவைக்கான மெடல் என்று ஆரம்பித்து, நீட்டி முழக்கி, ஆம்பூர் என்றார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளைப் புரட்ட நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் கேப்டன் எழுந்துவிட்டார்.

ஸ்கார்ஃபை ஒருமுறை இழுத்து நேர் செய்துகொண்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் குழந்தையைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, மேடையைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஒலிபெருக்கி தலைவியம்மாவின் பெயரைச் சொன்னது.

நல்லவேளை, அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தவர் யாருமில்லை. மேடையிலிருந்தவர்கள் கவனிக்கவே இல்லை. எங்களுக்குத்தான் மூச்சு நின்றது. உட்கார்ந்தால், பெயர் தனக்கென்று நினைத்து எழுந்தார் என்று தெரிந்துவிடும். நின்றால் எதற்கு நிற்கிறார்? கேப்டன் அசையாமல் நின்றார். பிறகு இடது கையை மார்புக்கு நேரே விரித்து, வலது கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டினார்.

தலைவியம்மாவுக்கு மழைத் தட்டல். அதற்காகத்தான் எழுந்தார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

கேப்டன் கை தூக்கினால் எங்கள் கை தானாக எழும். ஒரு விரல் தட்டினோம். தூறல் தொடங்கியது. இரண்டு விரல். சிறப்பு விருந்தினர் புருவத்தை உயர்த்தி ரசித்தார். மூன்றாவது விரலுக்கு எங்கள் அணித் தலைவி எழுந்து நின்றாள். எழுந்தவள் மேடைப் பக்கம் பார்க்கவில்லை. கேப்டன் பக்கம் திரும்பி நின்று தட்டினாள். அடுத்தவள் எழுந்தாள், திரும்பினாள். நான் எழுந்தேன். கடைசியில் அந்த நர்ஸம்மா மகள் எழுந்தாள். மேடையை விட்டுத் திரும்பி, வரிசை முழுவதும் கேப்டனைப் பார்த்துத் தட்டியது.

கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. அவர் விரல்கள் நான்காகி ஐந்தாகின. பெருமழை. அப்புறம் அவர் விரலை மடக்க வேண்டும், அப்போதுதான் நாங்கள் நிறுத்த முடியும். அவர் மடக்கவில்லை. ஐந்து விரலும் விரிந்தபடி தட்டிக்கொண்டே இருந்தார். எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை தொற்றிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியுமே. ராணிப்பேட்டைப் பெண்கள் தட்டினார்கள், குடியாத்தம் தட்டியது, மைதானமே தட்டியது. மெடலை மாட்டிக்கொண்ட தலைவியம்மா முகம் மலர்ந்து கும்பிட்டார். யாருக்கும் எதுவும் தெரியாது. உச்சி வெயிலில் அத்தனை பெரிய மழை எங்களுக்கும் கேப்டனுக்கும் நடுவில் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

எப்போது விரலை மடக்கினார் என்று நினைவில்லை. மெல்ல மடக்கினார், ஒவ்வொன்றாக. கடைசி விரலின் சத்தம் நின்றபோது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் பார்த்தேன். அண்ணன் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி அண்ணியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். விழா முடிந்ததும் வந்து தங்கையின் பையை வாங்கிக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. "அவ்ளோதானே? வா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். திரும்பும் வழியில் கண்டக்டர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா பூரித்துப்போயிருந்தார். "பாத்தியா, அந்தப் பொண்ணே எழுந்து நின்னு தட்டவெச்சுது. எவ்ளோ பெருந்தன்மை" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்பா தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு, பெயரைச் சொல்றதுக்கு முன்னாடியே எழுந்துட்டாங்க என்றார். அம்மா கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார், பார்த்திருந்தார். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு நாள் கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்து, விசிலைக் கயிற்றோடு அப்பாவின் மேஜையில் வைத்தார். வீட்டில் வேலை ஜாஸ்தி சார் என்றார். அப்பா உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் போன பிறகும் வெகுநேரம், என்ன திடீரென்று, என்ன திடீரென்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் தலைவியம்மா சொன்னபடி டென்ட் அனுப்பினார். நல்ல கித்தான், புதுசு. போட ஆளில்லை. பள்ளி ஸ்டோர் ரூமில் எலி கடிக்கிற வரைக்கும் மடித்தபடியே கிடந்தது. எங்களுக்குக் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. பாவாடை தாவணியாகி, நாங்களும் தெரு ஓரமாக நடக்க ஆரம்பித்தோம்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கண் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் கூடத்தில் கூட்டம். எல்லோரும் நாற்காலியில் சரிந்து கிடக்க, ஒருவர் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தார். அந்த முதுகை எனக்குத் தெரியும். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கேப்டன் என்றேன். தலை முழுக்க வெள்ளை. கண்ணில் திரை. என் குரலை வைத்துக் கொஞ்சம் யோசித்து, ஹெச்.எம். சார் பொண்ணுதானே என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே சொரசொரப்பு.

நிறையப் பேசினோம். ஷூ கம்பெனியில் ரிட்டையர் ஆகும்வரை வேலை பார்த்தாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் போய்விட்டார். அன்றைக்குத் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைதான் இப்போது அவரைப் பார்த்துக்கொள்கிறானாம், மருந்து வாங்கப் போயிருந்தான். அப்பாவைப் பற்றிக் கேட்டார். அவரும் போய்விட்டார் என்றேன். கடைசிவரை உங்களைப் பற்றிப் பேசுவார் கேப்டன், எதையுமே எதிர்பார்க்காதவங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பார் என்றேன்.

கேப்டன் சிரித்தார். வாய்விட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"உங்கப்பா ரொம்ப நல்லவரு. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு."

 இத்தனை வருஷம் கழித்துக் கேட்பதற்கு வேறு எதுவும் தோன்றாமல், கிடைத்திருந்தால் அதை என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. பதிலை எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தவர் மாதிரி சொன்னார்.

"வாசல் பக்கத்துச் சுவத்துல மாட்டிருப்பேன். ஞாயித்துக்கெழம நான் செருப்பு மாட்றப்ப, எங்க போறன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."